யானை என்ற சொல்

மழை விட்டதும் போகலாம், மிஸ். அலுவிகாரையில் இந்த மாதத்து மழை பிடித்தால் லேசில் விடாது. குடை இருந்தாலும் செருப்பு நாசமாகிவிடும். அந்தக் கதிரையில் உட்காருங்கள், மற்றதற்கு ஒரு கால் ஆட்டம். அப்பா டவுனுக்குப் போயிருக்கிறார். இந்த மழையில் போட்டோகொப்பி எடுக்க யாரும் வரமாட்டார்கள். அவசரமில்லாமல் ஆறுதலாகப் பேசலாம்.

நீங்கள் கிருஷ்ணம்மாவுக்காக வந்திருக்கிறீர்கள். அவருடைய மகன் அழகமுத்து தடுப்பு முகாமில் இருக்கிறான். அவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதிக்கொண்டுபோய் உங்கள் லோயரிடம் கொடுக்க வேண்டும் என்றீர்கள். சொல்கிறேன். அவனை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் மாத்தளையில் இல்லை. யுத்தமும் முடிந்துவிட்டது. இனி இதைச் சொல்வதால் யாருக்கும் பாதகமில்லை.

பல்கலைக்கழகத்தில் எங்கள் கொம்பியூட்டர் பிரிவுக்குக் கட்டடம் முடிந்திருக்கவில்லை. அதுவரைக்கும் என்று மாத்தளை டவுனுக்கு வெளியே ஒரு பழைய கொக்கோ ஸ்டோரை எடுத்து அங்கே பாடம் நடத்தினார்கள். மழை நாளில் சுவரிலிருந்து கொக்கோ வாசம் வரும். அழகமுத்துவை நான் முதலில் கண்டது அங்கேதான். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்தான். தாத்தாவின் பெயரை அவனுக்கு வைத்திருந்தார்கள். கொம்பியூட்டர் லெப்பில் அவனுக்கு என் பக்கத்து மெஷின். முதல் பாடம் முடிந்ததும் கொம்பியூட்டரை நிறுத்துவதற்காகக் குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எப்படி நிறுத்துவது என்று காட்டிக்கொடுத்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு அவனுக்கு எல்லாவற்றுக்கும் நான்தான். தங்குவதற்கு இடம் பார்த்துக் கொடுத்ததும் நான்தான். தோட்டத்து விலாசம் உள்ள தமிழ்ப் பையனுக்கு அந்த யுத்த நேரத்தில் யாரும் அறை கொடுக்கமாட்டார்கள். இந்தக் கடைக்குப் பின்வீட்டில் இருக்கும் சவரியம்மா எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவர். நான் கேட்டதால் சம்மதித்தார். பொலிஸில் அவன் பெயரைப் பதியப் போனபோது கூடப் போய் நின்றது என் அப்பா.

சோதனைச் சாவடியிலும் அப்படித்தான். என் பெயர் ஒஸ்வல்ட். பெயரைக் கேட்டுப் பாதிப் பேர் என்னைப் பறங்கியன் என்று நினைப்பார்கள். சிங்களம் எனக்குச் சிங்களவர் பேசுவது போலவே வரும். அழகமுத்துவின் அடையாள அட்டையிலோ பெயர், தகப்பன் பெயர், தோட்டம், டிவிஷன் எல்லாம் பளிச்சென்று கிடக்கும். பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தும்போது அவன் எனக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வான். ஆமிக்காரன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். "இவர் என்னோடு படிக்கிறவர், நல்லவர்" என்று நான் சிங்களத்தில் சொல்வேன். விட்டுவிடுவார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "நீ இல்லேன்னா நான் செத்தேன் மச்சான்" என்பான். ஒவ்வொரு முறையும் சொல்வான். கேட்க எனக்கு நன்றாக இருக்கும். அதில் தப்பு ஒன்றுமில்லையே.

இரண்டாம் வருஷத்தில்தான் அந்தப் பாடம் வந்தது. பொருள்நோக்கு முறையில் மென்பொருளை வடிவமைத்துக் கட்டுவது. ஹேரத் சேர் எடுத்தார். உங்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், புரோகிராமை மேலிருந்து கீழாகக் கட்டளைகளாக எழுதிக்கொண்டு போகாமல், தனித்தனிப் பொருள்களாகப் பிரித்துக் கட்டவேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தெரிந்தது இவ்வளவு, செய்யவேண்டியது இவ்வளவு என்று எல்லை இருக்கும். ஒரு பொருள் இன்னொன்றிடம் ஒரு வேலையைச் செய்யச் சொல்லலாம். அது உள்ளுக்குள் எப்படிச் செய்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூடாது.

எனக்கு அது விளங்கியது. சோதனையில் எழுதக்கூடிய அளவுக்கு நன்றாகவே விளங்கியது. அழகமுத்துவுக்கு வேறு மாதிரி விளங்கியது. கன்டீனில் வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்:

"இது எங்க தோட்டத்துப் பெரட்டுக்களம் மாதிரித்தான் மச்சான். காலையில எல்லாரையும் நிக்க வச்சு வேல பிரிப்பாங்கல்ல? எந்தப் பொம்பள எத்தன கிலோ எடுத்தாங்கன்னு தொரைக்குத் தெரிய வேண்டியதில்ல. கங்காணியக் கேட்டா போதும். தொரை மலையில ஏறி ஒவ்வொரு கூடையா எட்டிப் பாக்க ஆரம்பிச்சா, அன்னிக்கு ஒரு வேலயும் நடக்காது."

பக்கத்தில் இருந்த மார்ஜரி, "இப்பத்தான் எனக்கு விளங்குது. சேர் மூணு கிழமையா சொல்லியும் ஏறல்ல" என்றாள். நானும் அதே பாடத்தை முதல் நாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அது அவளுக்கு நினைவு வரவில்லை.

மார்ஜரியைப் பற்றிச் சொல்லவேண்டும். கோயிலில் பாடகர் குழுவில் பாடுகிறவள். அவள் வீட்டாரும் எங்கள் வீட்டாரும் பழக்கம். அவளுக்கும் எனக்கும் இடையில் எதுவும் பேசி முடிவாகியிருக்கவில்லை. பேச வேண்டிய தேவை இருப்பதாக நான் நினைக்கவுமில்லை. கோயிலில் நான் பிடித்து வைக்கும் இடத்தில் அவள் வந்து உட்காருவாள். அவ்வளவுதான்.

செயற்றிட்டத்துக்கு நாங்கள் மூவரும் ஒரு குழு. ஹேரத் சேர் கொடுத்த தலைப்பு, லக்கலையில் யானை வருவது. காட்டிலிருந்து யானை எந்தப் பக்கத்தால் இறங்குகிறது, வேலி எங்கே அறுகிறது, காவல் குடிசையில் இருப்பவன் மற்றவர்களுக்கு எப்படிச் செய்தி சொல்கிறான், இவற்றையெல்லாம் கொம்பியூட்டர் திரையில் நடத்திக் காட்டவேண்டும். திரையில் மட்டும். இதைக் கொஞ்சம் கவனியுங்கள், பிறகு தேவைப்படும்.

முதலில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு வடிவமைப்புக் கொடுக்கவேண்டும், சேர் நல்லதைத் தெரிந்தெடுப்பார் என்பது ஏற்பாடு. வகுப்பிலேயே முதலில் ஓடியது என் புரோகிராம்தான். அழகமுத்து அப்போது விசைப்பலகையைத் தொட்டே இருக்கவில்லை. பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் பெட்டி பெட்டியாக வரைவதும் அழிப்பதுமாக இருந்தான். வரையும்போது வாய்க்குள் பேசிக்கொள்வான்.

"வேலிக்கு என்ன தெரியும்? அறுந்துட்டேங்கிறது மட்டுந்தான் தெரியும். யாரு அறுத்தாங்கன்னு வேலிக்குத் தெரியாது. அத வேலிக்கிட்ட கேக்கக்கூடாது."

மார்ஜரி மேசையில் முழங்கை ஊன்றி, கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். வேலையே செய்யாத ஒருவனை ஏன் இப்படிப் பார்க்கிறாள் என்று நான் நினைத்ததுண்டு.

ஒப்படைக்கும் நாள் கிட்டியபோது சேர் வந்து, "லக்கலையில் யானை மட்டுமா வரும்? பன்றியும் வரும். பன்றியையும் சேருங்கள்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வேண்டுமென்றேதான் செய்தார் என்று இப்போது நினைக்கிறேன். நான் என் புரோகிராமைத் திறந்தேன். ஒரு இடத்தைத் தொட்டால் இன்னொரு இடம் சரிந்தது. பன்றி வந்தால் யானை வரவில்லை. யானை வந்தால் வேலி காணாமல் போனது. சாப்பாடு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அழகமுத்து கலண்டர் தாளில் 'மிருகம்' என்ற பெட்டிக்குக் கீழே புதிதாக ஒரு பெட்டி போட்டு, உள்ளே 'பன்றி' என்று எழுதி, ஒரு கோடு இழுத்தான். பிறகு இரண்டு விரலால் தட்டித் தட்டிச் சில வரிகள் எழுதினான். ஓடியது.

"பன்னிக்கும் நம்ம வீட்ல எடம் இருந்திச்சு" என்றான். மார்ஜரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. அவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

எல்லோருக்கும் முன்னால் சேர் இரண்டையும் பார்த்தார். என்னிடம், "ஒஸ்வல்ட், உம்முடைய புரோகிராமில் ஒருவனுக்கே எல்லாம் தெரிகிறது. மற்றவர்கள் சும்மா நிற்கிறார்கள். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் ஊரே சாகும்" என்றார். வகுப்பு சிரித்தது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பிழை சொல்வது ஆசிரியரின் வேலை. பிறகு அழகமுத்துவின் தாளை எடுத்தார். கொஞ்ச நேரம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பக்கத்து அறைக்குப் போய் அங்கே படிப்பித்துக்கொண்டிருந்த லெக்சரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, அந்தக் கலண்டர் தாளை அவரிடம் காட்டினார். இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்துப் பார்த்தார்கள்.

என்னுடையதை ஒருபோதும் யாரும் பக்கத்து அறைக்காரரைக் கூட்டிவந்து காட்டியதில்லை.

அதற்குப் பிறகு அழகமுத்து லக்கலைக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்றான். பாடத்துக்கு அது தேவையில்லை என்று நான் சொன்னேன். மார்ஜரி அவனோடு போனாள். அங்கே பஸ் குறைவு, போனால் நாள் முழுக்கப் போய்விடும். மூக்கு நுனி வெயிலில் சிவந்து திரும்பி வந்தாள். காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்யும் முதியான்சே என்ற ஒருவரைப் பற்றியே பேசினாள். யானை அவர் வீட்டுச் சுவரைத் தள்ளியதாம், தொட்டிலில் இருந்த பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லையாம், அவர் மனைவி குரக்கன் ரொட்டி சுட்டுக் கொடுத்தாராம். பேச்சுக்கு நடுவில் "அழகு என்ன சொன்னான் தெரியுமா" என்றாள். அன்றைக்குத்தான் அந்தப் பெயரை முதலில் கேட்டேன். எல்லோருக்கும் அழகமுத்துவாக இருந்தவன் அவளுக்கு அழகு ஆகியிருந்தான்.

அவன் அதற்குப் பிறகு திரையோடு நிற்கவில்லை. நிஜமாகவே ஒன்று செய்யப் போனான். சேனையைச் சுற்றி மெல்லிய கம்பி. கம்பி அறுந்தால் அதில் பூட்டிய பழைய கைபேசி முதியான்சேயின் போனுக்கு அழைப்புப் போடும். காவல் குடிசையில் பற்றரியில் ஓடும் அபாயச் சங்கு ஊதும். வீட்டிலிருந்தபடி அந்தக் கைபேசிக்கு அழைத்தும் சங்கை ஊதவைக்கலாம். சவரியம்மா வீட்டு அறை முழுக்க வயரும் பற்றரியும் உடைந்த போன்களும். சுவரில் லக்கலை வரைபடம், யானை இறங்கும் இடங்களில் சிவப்புப் புள்ளி. அடிக்கடி லக்கலைக்குப் போனான். முதியான்சேயிடம் சிங்களம் பழகிக்கொண்டான், காட்டுச் சிங்களம்.

ஒருநாள் நானும் அவர்களோடு போனேன். திரும்பும்போது சாவடியில் இறக்கினார்கள். அவன் பையில் வயர் இருந்தது. ஆமிக்காரன் அதை வெளியே எடுத்தான். நான் முன்னால் போய் வாயைத் திறந்தேன். அதற்குள் அழகமுத்து அவனுடைய கொச்சைச் சிங்களத்தில் பேசத் தொடங்கிவிட்டான். யானை எப்படி நடந்து வரும் என்று கையால் தும்பிக்கை ஆட்டிக் காட்டினான். அந்த ஆமிக்காரனும் சேனைக் கிராமத்துப் பையனாம். விழுந்து விழுந்து சிரித்து, எங்கள் ஊருக்கும் ஒன்று செய்து கொடு என்று முதுகில் தட்டி அனுப்பினான்.

"பாத்தியா மச்சான், நானே பேசிட்டேன்" என்றான் அழகமுத்து. அவ்வளவு சந்தோஷம். மார்ஜரி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் "நல்லது" என்றேன். பஸ்ஸில் ஏறியபின் அவன் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. மாத்தளை வரும்வரைக்கும் காத்திருந்து பார்த்தேன். சொல்லவில்லை.

சில கிழமைகளுக்குப் பிறகு வடக்கே போகும் பாதையில் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. அப்போதெல்லாம் அப்படி நடந்தால் எங்களைப் போன்றவர்கள் கொஞ்ச நாளைக்கு வெளியே சத்தமாகத் தமிழ் பேசமாட்டோம். ஒரு காலை, நம் பக்கத்துப் பொலிஸ் சாஜன் ஏதோ ஒன்றைப் போட்டோகொப்பி எடுக்கக் கடைக்கு வந்தார். நீங்கள் இப்போது இருக்கும் கதிரையில்தான் இருந்தார். நல்ல மனிதர், அப்பாவோடு பழக்கம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேச்சுவாக்கில், "புதுப் பையன்கள் யாராவது தங்கியிருக்கிறார்களா?" என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

நான் சொன்னேன், பின்வீட்டில் ஒருவன் இருக்கிறான், என்னோடு படிக்கிறவன், நல்லவன். நல்லவன் என்று சொன்னதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எப்போதும் வயரும் கையுமாக இருப்பான் என்றேன். என்ன வயர் என்று கேட்டார். போனில் பூட்டுகிற வயர், அழைப்பு வந்தால் வேலை செய்யும் என்றேன். வேறு என்ன வைத்திருக்கிறான் என்றார். சுவரில் ஒரு வரைபடம், சில இடங்களில் சிவப்புப் புள்ளி என்றேன். எங்கே போய் வருகிறான் என்றார். லக்கலைக் காட்டுப் பக்கம் என்றேன்.

கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் எழுந்து போகும்போது போட்டோகொப்பியை மறந்துவிட்டுப் போனார்; ஓடிப்போய்க் கொடுத்தேன்.

நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல். யானை.

சாஜனுக்குத் தகவல் சொன்னதோடு என் வேலை முடிந்தது, மிஸ். அதை வைத்து என்ன செய்வது என்பது பொலிஸின் பொறுப்பு. அவர்களுடைய வேலைக்குள் நான் எட்டிப் பார்க்க முடியாது. ஹேரத் சேர் எங்களுக்குப் படிப்பித்ததும் அதைத்தானே.

அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பொலிஸ் ஜீப் வந்தது. நான் கடையின் பின்கதவருகில் நின்றேன். மதில் தாழ்வு, சவரியம்மாவின் முற்றம் நன்றாகத் தெரியும். அழகமுத்து பயப்படவேயில்லை. அவர்களும் அந்த ஆமிக்காரனைப் போல என்று நினைத்துவிட்டான். "இருங்க இருங்க, காட்டுறேன்" என்று சந்தோஷமாகச் சொல்லி, வயரும் சங்கும் பூட்டிய போனை முற்றத்தில் வைத்து, தன் கையிலிருந்த போனிலிருந்து அதற்கு அழைப்புப் போட்டான். மணி அடித்தது. சங்கு ஊதியது. பொலிஸ்காரர்கள் எல்லோரும் நிலத்தில் படுத்தார்கள்.

எழும்பியபிறகு அடித்தார்கள். அது இயல்புதானே, அவர்களும் மனிதர்கள், பயந்துபோனார்கள். அவன் சிங்களத்தில் ஏதேதோ சொன்னான். யானையைப் பற்றிப் பேச அவனுடைய சிங்களம் போதும். பொலிஸோடு பேசப் போதாது. ஜீப்பில் ஏற்றும்போது மதிலுக்கு மேலால் என்னைக் கண்டுவிட்டான்.

"ஒஸ்வல்ட்! கொஞ்சம் வந்து சொல்லு மச்சான், நான் பேசுறது இவங்களுக்கு வெளங்குதில்ல!"

அந்த நேரம் கடைக்குள் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துத் தாள்களோடு நின்றது. நான் உள்ளே போய் அதற்குப் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்தேன். தெளிவாக விழவில்லை என்று சொன்னது. திரும்ப எடுத்துக் கொடுத்தேன்.

ஹேரத் சேர் பொலிஸுக்குப் போய், அது என் மாணவனின் செயற்றிட்டம் என்று சொன்னாராம். அவர்கள் குழுவில் இருந்த என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பாடத்தில் வயர் உண்டா? இல்லை. போன் உண்டா? இல்லை. எல்லாம் திரையில் மட்டும்தான் என்றேன். உண்மை அது. சேரிடமே திரும்பிக் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்லவேண்டும். சொன்னார்.

அடுத்த கிழமை கிருஷ்ணம்மா தோட்டத்திலிருந்து வந்தார். மழைக்குப் போடும் ரப்பர் சீலையோடு, கொழுந்து எடுத்த கையோடு, இந்த வாசலில் நின்றார்.

"தம்பி, எனக்கு வேற யாரத் தெரியும்? அவன் எப்பவும் ஒங்களப் பத்தித்தான் பேசுவான். எங்கூட ஸ்டேஷனுக்கு வாங்க. எனக்குச் செங்களம் வராது, நீங்க எடுத்துச் சொல்லுங்க."

போனேன். மறுக்க மனம் வரவில்லை. ஸ்டேஷன் பொறுப்பில் இருந்த பெரிய ஐயாவுக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தோம். அவர் கேட்பதை நான் தமிழில் சொன்னேன், அந்த அம்மா சொல்வதைச் சிங்களத்தில் சொன்னேன். லக்கலையில் முதியான்சே என்று ஒரு பெரியவர் இருக்கிறார், அவரைக் கூப்பிட்டுக் கேட்டால் எல்லாம் சொல்வார் என்று அந்த அம்மா சொன்னார். அதை நான் சொல்லவில்லை. பேச்சு நீண்டுகொண்டு போனது, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. மகன் நல்லவன், எனக்கு ஒரே பிள்ளை என்று அவர் சொன்னதாகச் சொன்னேன். அதையும் அவர் சொல்லியிருந்தார்தான்.

அந்த அம்மாவுக்கு ஒரு சிங்களச் சொல் தெரிந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திடீரென்று பெரிய ஐயாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "அலியா, சாமி, அலியா" என்றார். யானை, சாமி, யானை. திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பெரிய ஐயா என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்? என்ன யானை?"

"இவருடைய புருஷனை யானை அடித்துக் கொன்றது. அதிலிருந்து கொஞ்சம் மனம் சரியில்லை. துக்கம் வந்தால் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார்" என்றேன்.

இந்த விஷயம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதுவும் யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. ஆனால் அதனால் ஒரு நன்மையும் நடந்தது. பெரிய ஐயாவின் முகம் இளகிவிட்டது. ஆளை அனுப்பி அந்த அம்மாவுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார், கடிக்கப் பனிஸும் கொடுத்தார். வெளியே வந்ததும் அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க என்ன சொன்னீங்களோ தெரியாது தம்பி, அதுக்கப்புறந்தான் என்னைய மனுசியா மதிச்சாங்க."

அந்தக் கிழமைதான் அவனைத் தெற்கே முகாமுக்கு மாற்றினார்கள்.

மார்ஜரி தினமும் கடைக்கு வந்தாள். வா, இரண்டு பேருமாகப் போய் யானைக்காகத்தான் என்று சொல்லுவோம் என்றாள். போனால் நம்மையும் உள்ளே போடுவார்கள் என்றேன். அது நடக்கக்கூடியதுதான். அவள் தனியாகப் போனாள். அங்கே யாரோ அவளிடம் கண்டபடி பேசி, அவனுக்கு நீ யார் என்று கேட்டார்களாம். அவள் அப்பா பயந்துபோய் அவளை நீர்கொழும்பில் மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவசரத்தில் போயிருப்பாள். கோயிலில் அவளுக்கு இன்னும் இடம் பிடித்துத்தான் வைக்கிறேன்.

செயற்றிட்டத்தை நான் தனியாக முடித்து ஒப்படைத்தேன். அவனுடைய வடிவமைப்பைத்தான் எடுத்தேன், குழுவின் வேலைதானே. அதிகூடிய புள்ளி கிடைத்தது. ஹேரத் சேர் திரையைப் பார்த்துவிட்டு, "இது அழகமுத்துவின் கை" என்றார். அதிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. புரோகிராமில் கை எங்கே இருக்கிறது, மிஸ்? ஓடினால் ஓடியது, அவ்வளவுதானே. லக்கலையில் அவன் கட்டிய கம்பியையெல்லாம் பொலிஸ் தடயமாகக் கழற்றிக்கொண்டு போனதாகவும், அந்தப் போகத்தில் யானை வந்து முதியான்சேயின் மனைவியை அடித்ததாகவும் கேள்விப்பட்டேன். அதை என் கணக்கில் எழுதத் தேவையில்லை. கம்பியைக் கழற்றியது நானல்ல.

மற்றது உங்களுக்கே தெரியும். நீங்கள் கிருஷ்ணம்மாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனபோது, பெரிய ஐயா இரக்கப்பட்டு, "இது யானை அடித்துச் செத்தவனின் பெண்சாதியல்லவா" என்று சொல்லப்போக, நீங்கள் அந்த அம்மாவிடம் திரும்பிக் கேட்க, என் புருஷன் காய்ச்சலில் அல்லவா செத்தார் என்று அவர் சொல்ல, எல்லாம் வெளியே வந்துவிட்டது. உங்களுக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதை நான் யோசிக்கவில்லை. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை என்றீர்கள். "அந்தத் தம்பி ஏன் அப்புடிச் சொல்லிச்சு?" என்று மட்டும் கேட்டாராம். அதற்குப் பதிலாகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அவனுக்கு இப்போது வலது காது கேட்பதில்லை, விரல்கள் சரியாக மடங்குவதில்லை என்று வந்ததும் சொன்னீர்கள். வருத்தம்தான். அவன் எப்போதும் இரண்டு விரலால்தான் தட்டுவான், சமாளித்துக்கொள்வான்.

எழுதிவிட்டீர்களா? கொடுங்கள், வாசித்துப் பார்க்கிறேன்.

சரியாக எழுதியிருக்கிறீர்கள். சாஜனிடம் சொன்னது சரி. மதிலடியில் அவன் கூப்பிட்டபோது உள்ளே போனது சரி. பொய்யாக மொழிபெயர்த்தது, அதுவும் சரி. அவன் குற்றமற்றவன் என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்ற இடமும் சரிதான். ஒன்றையும் மறுக்கவில்லை. எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

ஆனால் இங்கே, கடைசியில், 'பொறாமையின் காரணமாக' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு சொல்லை நான் சொல்லவேயில்லை. நீங்களாகப் போட்டது. கொம்பியூட்டரை நிறுத்தத் தெரியாமல் வந்தவன் அவன். தோட்டத்து லயத்தில் ஒற்றைக் காம்பராவில் பிறந்தவன். நான் பார்த்துக் கொடுத்த அறையில் இருந்தவன். அவன்மேல் நான் எதற்குப் பொறாமைப்பட வேண்டும்? எதற்கு?

இந்தச் சொல் இருந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். வழக்கு வெள்ளிக்கிழமை என்பது தெரியும். என் கையெழுத்து இல்லாவிட்டால் அவனை இன்னும் எத்தனை மாதம் வைத்திருப்பார்களோ என்று நீங்கள் சொன்னதும் காதில் விழுந்தது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறு தாளில் சுத்தமாக எழுதிக்கொண்டு வாருங்கள், போட்டுத் தருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் பரவாயில்லை, மிஸ். அடுத்த தவணைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அவன் அங்கேதானே இருக்கப்போகிறான்.